பவர் ஸ்டீரிங்குக்கு ஒரு மேட்சிங்

எனக்கு மண்டைக்கனம் உண்டு. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிப்பில் இல்லை, சமையலில் சுத்தமாக இல்லை (என் ரசத்தைக் குடித்துவிட்டு 'வெந்நீர் பதமா இருக்குது' என்று சொன்னவர் என் வீட்டுக்காரர்). என் மண்டைக்கனமெல்லாம் கண்ணில்தான். ஆரணி பஜாரில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டுப்புடவையோடு வருகிறவர்களுக்கு ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் நிறம் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் தொழில். அரக்கில் மட்டும் ஒன்பது அரக்கு எனக்குத் தெரியும். தறிக்காரர்களே வந்து என்னிடம் நிறம் கேட்டுவிட்டுப் போவார்கள். பிறகு மண்டை கனக்காமல் என்ன செய்யும்?

கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் ஓதுகிற மந்திரம் ஒன்று உண்டு. "மேல்மடிப்பைக் காட்டாதீங்க. அது வெளுத்திருக்கும், அழுக்கேறியிருக்கும். உள்மடிப்பைப் பிரிச்சிக் காட்டுங்க. அதுதான் நெஜக் கலரு." ஊரில் பாதிப் பெண்களுக்கு இது மனப்பாடம். இந்த மந்திரத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழைய டீசல் கார் இருக்கிறது. மாமனாருடையது. மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட, விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரிதான் நிற்பார். கார் சாவி சுவாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். அதை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. என் வீட்டுக்காரரும் கார் ஓட்டக் கற்றவர்தான். முதல் நாளே ஓர் எருமை குறுக்கே வந்தது. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர்தான் அதன் பிறகு ஸ்டீரிங்கைத் தொடவில்லை.

நான் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அந்தச் சாவி ஆணியை விட்டு இறங்கவில்லை. எனக்கு அந்தச் சாவி மேல் அப்படி ஓர் ஆசை. நகை கேட்டிருந்தால்கூட வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கடைசியில் மாமனாருக்குக் கண் புரை ஆபரேஷன் ஆனது. ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மாதத்தில்தான் நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம், வந்தவாசிப் பக்கத்தில் மாப்பிள்ளை ஊரில். பெண்ணைப் பெற்றவர்கள் வேனில் முன்னாடியே போய்விடுவார்கள். தாய்வழித் தாத்தா என்கிற முறையில் மாமனார்தான் தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். வேறு வழியில்லாமல் சாவி என் கைக்கு வந்தது.

"ஒரே ஒரு தடவை," என்றார் மாமனார். "வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சு, சாவி ஆணிக்குப் போயிடும். அப்புறம் நீ கேக்கக் கூடாது, நான் குடுக்க மாட்டேன்."

நிச்சயத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, வண்டியை எடுத்துத் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல். போனில் வீடியோ பார்த்தேன். பவர் ஸ்டீரிங் ஆயில் குறைந்தால் இப்படித்தான் முனகுமாம். பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சி எடு, புது ஆயிலை ஊற்று, வண்டியை ஸ்டார்ட் செய்து ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்பு. அவ்வளவுதானாம். இதற்குப் போய் மெக்கானிக்கா?

"மெக்கானிக்கையே கூப்டுடலாமே," என்றார் வீட்டுக்காரர். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அப்பாகிட்ட பேஜாராயிடும்."

"நீங்க எருமையைப் பாத்துகினு இருங்க. இதை நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

மெடிக்கல் ஷாப்பில் இருப்பதிலேயே பெரிய ஊசி கேட்டேன். யாருக்கு என்றார்கள். வண்டிக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு சின்ன டப்பா; அதன் மூடியில் ஸ்டீரிங் படம். படத்தைச் சுற்றி ஏதோ எழுத்து, எழுத்தின் மேல் விரல் கனத்துக்கு அழுக்கு. எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பதை அந்தக் கம்பெனிக்காரன் அங்கேதான் எழுதி வைத்திருக்கிறான். துடைத்துப் படித்திருக்கலாம். ஆனால் நான்தான் கண்ணுள்ளவள் ஆயிற்றே! வெள்ளை லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டி, பழைய ஆயிலில் முக்கி எடுத்தேன். அருமையான காபிக்கொட்டை நிறம். துண்டை மடித்து, சாம்பிளோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கிளம்பினேன்.

கடைக்கார பாய் எனக்குத் தெரிந்தவர். அவர் மனைவி என் வாடிக்கைக்காரி.

"பவர் ஸ்டீரிங் ஆயிலா? இந்தாங்க," என்று ஒரு டப்பாவை எடுத்துக் கொஞ்சம் ஊற்றிக் காட்டினார். செக்கச்செவேல் என்று இருந்தது.

"என்ன பாய் இது, குங்குமக் கலரைக் காட்டுறீங்க? என் சாம்பிளைப் பாருங்க, காபிக்கொட்டை. இதுவும் அதுவும் ஒண்ணா?"

"அது பழசும்மா, கருத்துப் போயிருக்கும். உங்க வண்டிக்கெல்லாம் செவப்புதான் வரும். மூடியில இன்னா எழுதிகீது, பாத்தீங்களா?"

"எழுத்து எதுக்கு பாய்? கலர்தான் கையில இருக்குதே!"

பாய் இன்னும் நான்கு டப்பாக்களைத் திறந்து காட்டினார். ஒன்று தேன் நிறம், வேண்டாம். ஒன்று பச்சை, ஐயோ வேண்டாம். கடைசியாக ஒன்று. துணியைப் பக்கத்தில் வைத்தேன், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம் கிடையாது.

"இதுதான்!"

"அம்மா, அது கியர் ஆயிலும்மா," என்றார் பாய், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "பாகு மாதிரி கெட்டி. ஸ்டீரிங்குக்கு ஊத்தக் கூடாது."

"கெட்டியா இருந்தா நல்லதுதானே? உழைக்கும்."

பாய் டப்பாவை மூடிக் கொடுத்தார். "வீட்ல சொல்லி அனுப்பிகீறாங்க, மேட்சிங் அக்காகிட்ட கலர் பத்தி வாயே தொறக்கக் கூடாதுன்னு. உங்க இஷ்டம்."

பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினேன். வண்டியிலிருந்த அந்தச் சின்ன டப்பாவில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் ஊற்றாதே என்று இருந்தது. துணிக் கடைக்காரி கை சும்மா இருக்குமா? ஒரு மீட்டர் கேட்டால் நான்கு விரற்கடை கூட வெட்டித்தான் கொடுப்பேன். அதே தாராளத்தோடு மூடி வரைக்கும் ஊற்றினேன். ஸ்டார்ட் செய்து இரண்டு பக்கமும் திருப்பினேன். முனகல் குறைந்த மாதிரி இருந்தது. அடேயப்பா, எனக்கு வந்த பெருமை! சாம்பிள் துணியைத் தூக்கிப் போட மனசு வராமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். நாங்கள் நயினார், அதாவது தமிழ்ச் சமணர்கள்; எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் இலை போடுவதில்லை. ஆகவே நிச்சயத்தை முடித்து, சூரியன் இறங்குவதற்குள் பந்தியும் முடித்தாக வேண்டும். நாங்கள் தாமதித்தால் இரண்டு வீட்டு ஜனமும் பட்டினி. இதை மாமனார் வண்டியில் ஏறும்போது ஒரு தடவை, பெல்ட் போடும்போது ஒரு தடவை சொன்னார். அவர் முன் சீட்டில், மடியில் தாம்பூலத் தட்டு. மாமியாரும் வீட்டுக்காரரும் பின்னால்.

ஊரைத் தாண்டியதும் முனகல் திரும்ப வந்தது.

"யார் முனகறது?" என்றார் மாமனார்.

"அத்தைக்கு மூட்டு வலி மாமா," என்றேன்.

"நான் எங்க முனகினேன்?" என்றார் மாமியார் பின்னாலிருந்து.

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு நாற்றம் கிளம்பியது. அழுகின முட்டையை வெயிலில் வைத்த மாதிரி. முட்டையே நுழையாத எங்கள் வீட்டில், பஜாரில் கடை வைத்திருக்கிற என்னைத் தவிர யாருக்கும் அது என்ன நாற்றம் என்று தெரியவில்லை. மாமனார் தட்டிலிருந்த பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். பிறகு திரும்பித் தன் மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தியமா நான் இல்லப்பா," என்றார் வீட்டுக்காரர்.

ஸ்டீரிங் கனத்துக்கொண்டே வந்தது. ஒரு வளைவில் திருப்ப ஆட்டுக்கல்லைச் சுற்றுகிற பலம் தேவைப்பட்டது. அடுத்த வளைவில் கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டேன். நிறுத்தினால் 'என்ன ஆச்சு' என்பார், சொல்ல வேண்டும், சாவி போய்விடும். நிறுத்தக் கூடாது. எப்படியாவது மாப்பிள்ளை வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வழியில் தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஊர் வந்தது. வீடு இடது பக்கச் சந்தில். சந்து முனையில் பந்தல். பந்தல் முன்னால் ஊரே நிற்கிறது. எங்கள் காரைக் கண்டதும் மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார், நாதஸ்வரம் எழுந்தது, மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தார். மாமனார் சட்டைக் காலரைச் சரிசெய்து, முகத்தில் ஒரு மரியாதையைக் கொண்டுவந்தார். நான் ஸ்டீரிங்கை இடது பக்கம் திருப்பினேன்.

அது திரும்பவில்லை.

இரண்டு கையாலும் தொங்கினேன். ம்ஹூம். கார் நேராகப் போனது. மேளத்தைத் தாண்டி, ஆரத்தியைத் தாண்டி, கும்பிட்ட கைகளையெல்லாம் தாண்டி, சம்பந்தம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டவர்கள் மாதிரி போனோம். மாமனார் அந்த மரியாதை முகத்தை மாற்ற நேரமில்லாமல், கும்பிட்டபடியே கடந்தார். மேளம் குழம்பி நின்றது. பிரேக் என்று ஒன்று இருப்பது ஒரு வைக்கோல் போரை நேருக்கு நேர் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வைக்கோல் கண்ணாடியைத் தொடுகிற தூரத்தில் வண்டி நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து புகை.

இறங்கினோம். பந்தலிலிருந்து மொத்த ஜனமும் ஓடி வந்தது. மாப்பிள்ளை விவசாயி, சொந்த டிராக்டர் வைத்திருப்பவர். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினார். டப்பா மூடியைச் சுற்றி, டீக்கடைப் பாய்லர் மாதிரி பழுப்பு நுரை பொங்கி, சூடான குழாய் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை முகர்ந்து பார்த்தார். "கியர் ஆயில் வாசனை அடிக்குதே. பவர் ஸ்டீரிங்ல யாருங்க இதை ஊத்தினது?"

மாமனார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பூமி பிளந்து வழிவிடாதா என்று இருந்தது எனக்கு. கை தானாகக் கைப்பைக்குள் போய்ச் சாம்பிள் துணியை எடுத்து நீட்டியது.

"கலர் மேட்ச் ஆச்சு மாமா," என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். "அய்யய்ய! நீங்க ஆரணி மேட்சிங் கடைக்கார அம்மா இல்ல? போன மாசம் என்னை அந்தக் கூட்டத்துல நிக்க வெச்சி, 'மேல்மடிப்பு அழுக்கும்மா, உள்மடிப்பைப் பிரிச்சிக் காட்டு'ன்னு அந்த விரட்டு விரட்டினீங்களே! எண்ணெய்க்கு மட்டும் அழுக்கைப் பாத்து வாங்கிகினு வந்தீங்களா?"

பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் கார்தான் திரும்பவும் முனகுகிறது என்று நினைத்தேன். இல்லை, மாமனார். சிரிக்கிறார்! தட்டு குலுங்குகிறது, ஒரு மாதுளை உருண்டு ஓடுகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது. மாமியார் பயந்துபோய், "ஆபரேஷன் பண்ண கண்ணுங்க, அதிகமா சிரிக்காதீங்க!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் சிரிக்காதவர் நான் ஒருத்திதான். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

ஆரத்தியை வைக்கோல் போர் பக்கத்திலேயே சுற்றினார்கள். தட்டு மாற்றி, கடைசிப் பந்தி கை கழுவும்போது சூரியன் பனைமரத்துக்கு மேல்தான் இருந்தது. நாத்தனார் குடும்பத்து வேனிலேயே ஊர் திரும்பினோம். மாப்பிள்ளை மறுநாள் தெரிந்த மெக்கானிக்கை வைத்து அந்தப் பாகையெல்லாம் வழித்து எடுத்து, மூடியைத் துடைத்துப் படித்து, சிவப்பு ஆயில் ஊற்றி வண்டியை அனுப்பிவைத்தார். ஸ்டீரிங் பம்பு தப்பித்தது அதன் ஆயுசு கெட்டி.

சாவியை நானே ஆணியில் மாட்டினேன். ஒரு வாரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் கூப்பிட்டார். கையில் சாவி. சாவி வளையத்தில் அந்தக் காபிக்கொட்டை நிறத் துணி, என் கடைக் கத்தரியாலேயே அளவாக வெட்டிக் கட்டப்பட்டிருந்தது.

"வண்டியை எடுக்கும்போதெல்லாம் இது கண்ணுல படணும்," என்றார்.

"கோவம் இல்லியா மாமா?"

"கோவம்தான். ஆனா அந்தக் கனத்துல, நாலு பேரை வெச்சிகினு, யாருக்கும் ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து நிறுத்தின பாரு. இவனா இருந்தா மொத வளைவுலயே எறங்கி நடந்திருப்பான்." (வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.)

மாமனாரின் கண் எப்போதோ சரியாகிவிட்டது. சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, துணியோடு. போன வாரம் கல்லா மேல் கிடந்த அந்தச் சாவியைப் பார்த்துவிட்டு ஒரு வாடிக்கைக்காரி, "அக்கா, இது அருமையான கலரா இருக்குதே! இதுல எனக்கு ஒரு ஜாக்கெட் பிட்டு வெட்டுங்க," என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், ஓரத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், பேப்பரை இறக்காமலே சொன்னார்: "அந்தக் கலரு இங்க கெடைக்காதும்மா. பாய் கடையில கேளு, லிட்டர் கணக்குல குடுப்பாரு."