ஃபார்மேட் அண்ணனும் சவுண்டு டிரைவரும்

கடலூரில் கம்ப்யூட்டரைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ளாமலே பத்து வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்த ஒரே மகான், எங்கள் ஃபார்மேட் அண்ணன்தான். பிரின்டர் ஓடவில்லையா? ஃபார்மேட். மவுஸ் நகரவில்லையா? ஃபார்மேட். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் கரண்டே இல்லை என்பது தெரியாமல் ஃபார்மேட் பண்ண உட்கார்ந்தார் என்பார்கள். நான் நம்புகிறேன். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் யாருக்கும் தெரியாது.

அப்போது நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு சிங்கப்பூர் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். போட்டோ வந்தது, ஜாதகம் வந்தது, ஆள் மட்டும் வரவில்லை. லீவு இல்லையாம். "ஒரு தடவையாவது பேசிப் பாக்காம சரின்னு சொல்ல மாட்டேன்" என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவது, பேசியதும் அக்கா பதில் சொல்லிவிடுவது என்று முடிவானது.

நானும் அதற்காக வீட்டுக்கு வந்திருந்தேன். ஞாயிறு காலை கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடியது. "அவரக் கூப்புடுறா" என்றார் அப்பா. வினையே அதுதான். அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து ஃபார்மேட் செய்தார். கம்ப்யூட்டர் பறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"சவுண்டு டிரைவர் அழிஞ்சிருக்கு தம்பி" என்றார், யாரோ வந்து அழித்துவிட்டுப் போன மாதிரி. "திரும்ப ஏத்துனா சத்தம் வந்துரும். கம்ப்யூட்டரோட ஒரு சிடி குடுத்துருப்பாங்களே, அத எடு."

அம்மா அதைச் சாமி அலமாரியிலிருந்து பயபக்தியோடு கொண்டுவந்தாள். ஆயுத பூஜை அன்று வைத்தது. பளபளப்பான பக்கத்தில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஏம்மா இந்தப் பக்கம் வச்சீங்க?"

"மொகம் தெரியற பக்கம் அதுதானப்பா?"

"பேஸ்ட் இருக்கா?" என்று அண்ணன் கேட்டு வாங்கி, குழாயடியில் குத்துக்காலிட்டு அரைமணி நேரம் சிடிக்குப் பல் விளக்கினார். கருமம், அது வேலை செய்து தொலைத்தது. சத்தம் வந்துவிட்டது.

அதற்குள் பெரியப்பா, அத்தை, மங்கலம்பேட்டை மாமா என்று பதினோரு பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். "ஸ்பீக்கர நல்லா சத்தமா வைய்யி. பையன் எப்பிடிப் பேசறான்னு நாங்களும் கேக்கணும்ல" என்றார் மாமா. அக்காவின் முகம் செத்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் அவள் என்ன கேட்பாள்? சிங்கப்பூரில் மழையா என்றா?

அண்ணன் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கீபோர்டில் எதையோ தட்டிவிட்டு, பின்பக்கம் குனிந்து வயரை மாற்றினார்.

"ஸ்பீக்கருக்கு டிரைவர் ஏற மாட்டேங்குது மாமா. ஹெட்போன்ல மட்டுந்தான் கேக்கும்."

"ஏம்ப்பா, ரெண்டுக்கும் ஒண்ணுதானே?"

"அது வேற, இது வேற. ஆளு ஜாஸ்தியா இருந்தா லைனும் கட்டாயிரும். எல்லாரும் வாசலுக்கு வாங்க."

தெரிந்தவன் சொல்கிறான் என்று மாமா எழுந்தார். பின்னாலேயே மற்ற பத்துப் பேரும் போனார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு அக்கா முக்கால் மணி நேரம் பேசினாள். வெளியே வந்து, "இந்த எடம் வேணாம்ப்பா" என்றாள். காரணம் கேட்பதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமா யார்மேல் பாய்வது என்று பார்த்துவிட்டு அண்ணன்மேல் பாய்ந்தார். "நல்ல சம்பந்தம்! இவன் கை வச்ச நேரம், எல்லாம் நாசமாப் போச்சு!" அண்ணன் தலையைச் சொறிந்தபடி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

பிறகு அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். "அந்த மாப்பிள்ளைக்கு அங்கயே ஒரு பொண்ணோட பழக்கமாம்டா. வீட்ல சொல்ல பயம். 'நீங்களே வேணாம்னு சொல்லிருங்க'ன்னு அழுதாரு."

நான் போய் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் வயரைச் சொருகி, ஒரு பாட்டு சிடியைப் போட்டேன். வீடே அதிர்ந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அண்ணனிடம் போனேன்.

"ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு? எதுக்குண்ணே பொய் சொன்னீங்க?"

"பதினோரு பேர வச்சிக்கிட்டு அந்தப் புள்ள எப்பிடிடா மனசு விட்டுப் பேசும்?" என்றார், வேறு யாருடைய கம்ப்யூட்டரையோ ஃபார்மேட் செய்துகொண்டே.

எனக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.