அஞ்சு வருசத்தில எங்க நிப்பீர்?

அன்றைக்கு வேலைக்கான நேர்முகத்துக்கு அந்த மேல்மாடி அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு அந்தப் பக்கம் 'அஞ்சு வருசம்' என்று பட்டப்பெயர் வாங்கிய மனிதர். அவருக்குப் பக்கத்தில் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டு கஷியர் அக்கா. இந்தப் பக்கம் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன், நகத்துக்குச் சிவப்புப் பூசிய ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயந்து கூடவே வந்த அவளுடைய அம்மா. கடைசிக் கதிரையில் நான். மூலையில் கூறைச் சேலை உடுத்திய, தலை இல்லாத பொம்மை ஒன்றும் நின்றது. எங்கள் எல்லோரிலும் பதற்றமில்லாமல் இருந்தது அது மட்டும்தான்.

வெள்ளவத்தை முழுவதிலும் எதிர்காலத்தைப் பற்றி அஞ்சு வருசத்தைப் போல யோசித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. காஸை மூடினேனா என்று பார்க்க பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறவள் நான். நானே அவரிடம் தோற்றுவிட்டேன்.

கொழும்பில் காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருந்த ஒரு புடவைக் கடைக்கு அவர் மனேஜர். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது, யாரும் பாவிக்கவில்லை. ஆளைக் கண்டால் அவர் கேட்பது ஒரே கேள்வி: "அஞ்சு வருசத்தில எங்க நிப்பீர்?" வேலை கேட்டு வந்தவர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீர்ப் போத்தல் இறக்க வந்தவரிடமும் கேட்பார். ஓட்டோக்காரரிடம் சிங்களத்தில் கேட்டார். அந்த மனிதர் முன்னால் நின்ற பஸ் வரிசையைப் பார்த்து, "மெத்தனமய் அய்யே, மே ட்ரஃபிக் எக்கேம" என்றாராம். இங்கேயேதான், இந்த நெரிசலிலேயேதான். பொன்னாடை வாங்க வந்த ஒரு வயதானவர் யோசிக்கவே இல்லை. "கனத்தை மயானத்தில, தம்பி. இடமும் பார்த்து வச்சிட்டன்."

ஒருமுறை கூறைச் சேலை எடுக்க வந்த மாப்பிள்ளையிடமும் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை சுவிஸ் என்றுதான் பெண் வீட்டாருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவன் பாவம், உண்மையான பிள்ளை. "இங்கதான் அண்ணை. சுவிஸை விட்டிட்டு வந்திட்டன்" என்றான். பெண்ணின் அம்மா விரித்து வைத்த சேலைகளுக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். சமாதானம் பேசி பில் போட மத்தியானம் தாண்டிவிட்டது.

அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. சேலை மடிக்க, வெட்டுத்துணி அளக்க, வாங்காமல் போகப் பார்க்கிறவரைத் திருப்பிக் கொண்டுவர என்று ஒவ்வொருவரையும் பழக்கி எடுப்பார். பழகி முடிந்ததும் ஆள் பறந்துவிடும். ஒருத்தன் கனடா, ஒருத்தி லண்டன். "சாப்பிட்டிட்டு வாறன் எண்டு போனவள், டோஹா எயார்போட்டில இருந்து கோல் எடுக்கிறாள்!" என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் குமுறுவார். அதனால்தான் அந்தக் கேள்வி. அவர் கேட்டது இலட்சியத்தை அல்ல, எந்த நாட்டில் இருப்பீர் என்பதை.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கொட்டாஞ்சேனைக்காரி. அதற்கு முன்னால் மூன்று கடைகளில் இதே மாதிரிக் கேள்வியில் விழுந்திருந்தேன். வத்தளையில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில், "மனேஜர் ஆகணும் சேர்" என்றேன். கேட்டவர் உதவி மனேஜர். முகம் கறுத்துவிட்டது. அடுத்த செருப்புக் கடையில் பயந்து, "ஒன்னுமே ஆகவேணாம் சேர்" என்றேன். இலட்சியம் இல்லாதவர் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது இடத்துக்கு ஃபோனில் பார்த்து இங்கிலீஷில் பாடமாக்கிப் போனேன். உங்கள் வங்கியோடு சேர்ந்து வளர விரும்புகிறேன் என்று ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன். அது விளையாட்டுச் சாமான் கடை.

துறைமுகத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். "இதுவும் சரிவரலன்னா விட்டுரு. வீட்டுல நிம்மதியா இரு" என்றார். அதுதான் என் பயம். வீட்டில் இருந்தால் நாள் முழுக்கக் கவலைப்பட எனக்கு நேரம் கிடைக்கும். கடையில் நின்றால் யாரோ ஒருவருடைய பிளவுஸ் துணியைப் பற்றிக் கவலைப்பட்டே பொழுது போய்விடும். அரைநாள் வேலை, அதுவும் தீபாவளி முதல் பொங்கல் வரைதான் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அது போதும்.

முதலில் கழுத்துப்பட்டிப் பையனைக் கேட்டார். "டீம் லீடர் பொசிஷன்ல இருப்பன் சேர். அதுக்குப் பிறகு மனேஜ்மன்ட்…"

"அது சரி தம்பி. எந்த நாட்டில?"

பையன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். பிறகு மெதுவாக, "மெல்பர்ன்" என்றான்.

"சந்தோசம். போயிட்டு வாரும்."

அடுத்ததாகச் சிவப்பு நகப் பிள்ளை. அவள் வாயைத் திறக்கும் முன்னே அம்மா, "கனடாதான் சேர். கலியாணப் பேச்சுக்கால் முடிஞ்சுது. ஸ்பொன்சர் வரும் வரைக்கும் பிள்ளை சும்மாதானே இருக்கிறா?" என்றார்.

"அப்ப கூறையை எங்கட கடையில எடுங்கோ அம்மா."

இதெல்லாம் பிறகு கஷியர் அக்கா சொன்னது. அந்த நேரம் என் காதில் எதுவும் ஏறவில்லை. பாடமாக்கிய புதுப் பதிலை உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, நீர் சொல்லும். அஞ்சு வருசத்தில எங்க நிப்பீர்?"

பாடமாக்கியது அத்தனையும் பறந்துவிட்டது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நிற்பது என்றால் இருப்பது. எங்கள் கொட்டாஞ்சேனையில் நிற்பது என்றால் இரண்டு காலில் நிற்பது. கடையில் எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்கிறார், இதற்காவது எனக்குப் பதில் தெரியும் என்று மனம் குளிர்ந்துபோனது.

"சாரிப் பக்கம் நிப்பேன் சேர். லைனிங் துணிப் பக்கம்னாலும் சரி. ஏசிக்குக் கீழ மட்டும் நிக்க ஏலாது, தும்மல் வரும்."

கஷியர் அக்கா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்தினார். அஞ்சு வருசம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு வருசமும் அங்கயே நிப்பீரோ?"

"கால் வலிச்சா நடுவுல கொஞ்சம் உக்காருவேன் சேர்."

அக்கா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையில் ஊற்றுப்பட்டது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாறீரோ?" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அக்கா எனக்கு விசயத்தை விளங்கப்படுத்தினார். அன்றிரவு தூக்கம் இல்லை. தப்பான பதிலைச் சொல்லி வேலையை எடுத்துவிட்டேனே, கண்டுபிடித்தால் அனுப்பிவிடுவாரே! மறுநாளே போய், "சேர், நான் கவுண்டர்னு நெனச்சித்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும் பிள்ளை. அதுதான் எடுத்தனான். போய் நில்லும்."

பொங்கல் முடிந்தது. அரைநாள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பினார். என் பெயர் வருமென்று கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். வரவில்லை. ஷட்டர் இறக்கும்போது, "நாளைக்கு வாறீரோ?" என்றார். "வாறேன் சேர்" என்றேன். அதற்கு மறுநாளும் அதேதான். நியமனக் கடிதம், அது இது என்று ஒன்றும் கிடையாது. பூட்டுகிற நேரத்தில் அவர் கேட்பார், நான் சொல்வேன், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் அஞ்சு வருசக் கணக்குக் கேட்பவர் என்னிடம் மட்டும் ஒரு நாளைத் தாண்டவில்லை.

போன மழைக்கு எனக்கு டெங்குக் காய்ச்சல் பிடித்தது. அரைநாள் ஆள் படுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுப்பார்கள், அதுதான் எல்லாக் கடையிலும் வழக்கம். சாரிப் பக்கம் இப்போது யார் நிற்கிறார்களோ என்று எண்ணியே காய்ச்சல் இன்னும் ஏறியது. மாலையில் கடை பூட்டுகிற நேரம் ஃபோன் அடித்தது. பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம்.

"பிள்ளை, நாளைக்கு வாறீரோ?"

"ஏலாது சேர். டொக்டர் எழும்பவே வேணாம்னுட்டாரு."

"சரி. அப்ப நாளைக்குத் திரும்பக் கேக்கிறன்."

காய்ச்சல் விடும் வரைக்கும் ஒவ்வொரு மாலையும் கேட்டார்.