சொந்தச் சரக்கு

எதிராளி பதிலுக்குத் திட்டவில்லை. பரணிதரனுக்கு வந்த கஷ்டம் அதுதான்.

பத்து வருஷமாக நடக்காமல் கிடந்து, 1996-இல் ஒருவழியாக வந்து சேர்ந்த உள்ளாட்சித் தேர்தல். அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கே, நெல்வாய்மேடு ஊராட்சித் தலைவர் பதவிக்கு இரண்டே பேர் போட்டி. ஜி.எஸ்.டி. ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் பரணிதரன் ஒருவர். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் அருணகிரி இன்னொருவர். பரணிதரனுக்குக் கிடைத்த சின்னம் பூட்டு. முழு வழுக்கையான அருணகிரிக்குக் கிடைத்தது சீப்பு.

பரணிதரனுக்கு வேறென்ன வேண்டும்?

"அந்த மண்டையில சீப்பு வெச்சா, சீப்பு வழுக்கி வுழுந்து இடுப்பு ஒடிஞ்சிக்கும்!" என்று ஆரம்பித்தார். "இவரு போஸ்ட் மாஸ்டரா இருந்த காலத்துல கல்யாணப் பத்திரிகை போட்டா வளைகாப்புக்குத்தான் வந்து சேரும்!" என்று தொடர்ந்தார். ஜனங்கள் மண்ணில் புரண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் சுண்டல் விற்கும் காசியம்மாள் கூடையை மறந்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வட்டாரத்தில் ஒரு முறை உண்டு. இன்று இவர் திட்டினால் நாளை அதே இடத்தில் அவர் பதில் கூட்டம் போட வேண்டும். மேடை, டியூப் லைட், மைக் எல்லாமே தேவசகாயத்தின் சவுண்ட் சர்வீஸ். பிரித்துக் கட்டுகிற வேலை மிச்சம் என்று அவர் மேடையை அப்படியே விட்டுவிடுவார். பின்னால் தொங்கும் துணியை மட்டும் மாற்றுவார். கூட்டமும் அதே கூட்டம்தான். அதை யாரும் மாற்றுவதில்லை.

மறுநாள் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அருணகிரி மைக்கைப் பிடித்தார்.

"தம்பி பரணிதரன் நேத்து சீப்பைப் பத்திப் பேசினதைக் கேட்டேன். நல்லா இருந்தது. நானும் சிரிச்சேன். இப்போ வடக்குத் தெருக் கால்வாய் விஷயத்துக்கு வருவோம்."

கால்வாயை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. ஆனால் கலைந்துபோன பெண்கள் பேசிக்கொண்டு போனது பரணிதரன் காதில் விழுந்தது.

"தங்கமான மனுசன். அவரைப் போயி இப்பிடி வாய்க்கு வந்த மாதிரி பேசறானே, பாவம்!"

'பாவம்' என்ற சொல்லைக் கேட்டதும் பரணிதரன் மனசுக்குள் ஓட்டுக் கணக்குப் போட்டார். திட்டு வாங்கியவனுக்குப் 'பாவம்' கிடைத்தால் கூடவே ஓட்டும் கிடைக்கும். ஏற்கெனவே கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் இரண்டு முறை தோற்றவர் அவர். இந்தத் தடவை அசட்டுத் தைரியத்தில், கடைப் பெயர்ப் பலகையில் தன் பெயருக்கு முன்னால் 'தலைவர்' என்று பிற்பாடு எழுதிக்கொள்ள இடம்வேறு விட்டிருந்தார். காலி இடத்தோடு எத்தனை காலம் வியாபாரம் செய்வது?

அடுத்த கூட்டத்தில் இன்னும் பலமாகத் திட்டினார். 'பாவம்' இன்னும் பலமாகக் கேட்டது. மூன்றாவது கூட்டத்தில் அவர் திட்டியபோது ஒரு கிழவர் எழுந்து போய் அருணகிரி வீட்டில் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தார்.

"அண்ணாத்த, இது சரிப்படாது" என்றார் தேவசகாயம், ஒயரைச் சுருட்டிக்கொண்டே. "அந்தாளும் உன்னைத் திட்டணும். அப்பத்தான் கணக்கு நேராவும். யாருக்கும் யாரும் பாவம் இல்லேன்னு ஆயிடும்."

"அவருக்குத் திட்ட வராதேய்யா!"

"வராதுன்னா எழுதிக் குடு. நான் எழுதினதா சொல்லிக் குடுத்துர்றேன். ரெண்டு பேருக்கும் நான்தானே மைக்கு!"

பரணிதரன் அன்றைக்கே உட்கார்ந்து தன்னைத் திட்டி எழுதினார். தேவசகாயம் வாங்கிப் படித்தார்.

"'பரணிதரன் ராப்பகலா உழைச்சி உடம்பைக் கெடுத்துக்கறார், கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்துக் கெட்டுப்போறார்.' இன்னா அண்ணாத்த இது? திட்டா, கல்யாண வாழ்த்தா?"

பரணிதரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவருடைய நேர்மையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வார். திட்டத் தெரியவில்லை என்று ஒருவன் சொன்னால் பொறுக்க மாட்டார். மறுபடி உட்கார்ந்தார். பேனா ஓடியது. தன்னை இத்தனை வருஷமாகக் கூடவே இருந்து கவனித்தவர் அவரைத் தவிர யார்? வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் உச்சம் என்று அவருக்கே தெரிந்தது.

அருணகிரி முதலில் தயங்கினார். "தேவசகாயம், இது மரியாதைக் குறைவா இருக்கேப்பா?"

"இல்லாட்டிதான் சார் மரியாதைக் குறைவு. ரோஷமே இல்லாத ஆளுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

அருணகிரி மேடை ஏறினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் சாவுத் தந்திகளைச் சத்தமாகப் படித்துக் காட்டிய அந்தக் குரலில், ஒரு சிரிப்பு இல்லாமல், ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார்.

"பரணிதரன் மீசைக்கு மை அடிக்கிறார். மழை பெய்தால் அது தாடி ஆகிவிடும்."

கூட்டம் வெடித்தது. அருணகிரி ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அவர் பொறுமையாகக் காத்திருந்து அடுத்த வரிக்குப் போனார்.

"பரணிதரன் இரண்டு முறை கட்சி மாறினார் என்கிறார்கள். அது அவதூறு. இவர் வருவதைப் பார்த்துக் கட்சிதான் இரண்டு முறை ஆபீசை மாற்றியது."

காசியம்மாளுக்குப் புரை ஏறியது.

"வீட்டில் இவர் வாயே திறப்பதில்லை. அந்தப் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்துத்தான் இங்கே வந்து பேசுகிறார்."

இதற்குக் கூட்டத்தில் எல்லோரையும் தாண்டி ஒரு சிரிப்பு கேட்டது. இருட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பரணிதரனுக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று நன்றாகத் தெரியும். அவர் மனைவி துர்காதேவி.

"நீ எதுக்கு அங்க போன?" என்று வீட்டில் சீறினார்.

"ஊரே போவுது, நான் மட்டும் வூட்ல குந்திகினு இருக்கணுமா? இன்னாமா பேசறாரு மனுசன்! நம்ம வூட்டுக்குள்ளயே பூந்து பாத்த மாதிரி!"

"அது நான் எழுதினதுடி!"

துர்காதேவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் இப்பிடி நான்தான் நான்தான்னு சொல்லாதீங்க. ஒருத்தருக்குத் தெறமை இருந்தா ஒத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

'பாவம்' நின்றுவிட்டது, வாஸ்தவம். ஆனால் இப்போது அருணகிரி கூட்டத்துக்குத் திருவிடந்தையிலிருந்து மீன் வண்டியில் ஏறி ஆள் வந்தது. பொத்தேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பையன்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பரணிதரன் மறுநாள் பதில் கூட்டம் போட்டபோது, தான் எழுதிய திட்டுக்குத் தானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பதிலே இல்லாதபடி அல்லவா எழுதித் தொலைத்திருந்தார்! மீசையைத் தொட்டுக் காட்டி, "இது இயற்கை!" என்று முழங்கினார். கூட்டத்திலிருந்து ஒருவன் சொம்பில் தண்ணீரோடு எழுந்தான்.

பரணிதரன் தேவசகாயத்தைப் பிடித்தார். "இனிமே ஒரு வரி கிடையாது. நிறுத்து!"

"நிறுத்தினா பேஜாராயிடும் அண்ணாத்த. சரக்கு இல்லேன்னு அவரு கால்வாய்க்குப் போயிடுவாரு. மறுபடியும் 'பாவம்' வந்துரும்."

ஆகவே எழுதினார். எழுதினால் அருணகிரிக்குக் கைதட்டல். எழுதாவிட்டால் அருணகிரிக்கு அனுதாபம். யூரியா மூட்டைகளுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தோல்விகூட அத்தனை வலிக்கவில்லை. தன் சொந்தச் சரக்கை இன்னொருவன் விற்றுப் பேர் வாங்குவதுதான் தாங்கவில்லை.

கடைசிக் கூட்டத்தில் தாங்க முடியாமல் உடைந்துவிட்டார்.

"பொதுமக்களே! ஒரு உண்மையைச் சொல்றேன். அந்தாளு படிச்சது ஒண்ணுகூட அவரோடது இல்ல. மீசையிலேர்ந்து கட்சி வரைக்கும், ஒவ்வொரு வரியும் நான் எழுதினது! வேணும்னா தேவசகாயத்தைக் கேளுங்க!"

தேவசகாயம் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார்.

கூட்டம் யோசித்தது. பிறகு ஒருவன் கேட்டான்:

"அப்போ அதெல்லாம் நெசந்தானா?"

"இல்லய்யா! நான் எழுதினதுன்றேன்!"

"அதான் கேக்கறோம். அவரு சொன்னா பொய்யின்னு வெச்சிக்கலாம். நீயே உன் கையால எழுதிக் குடுத்தன்றியே!"

"மீசை?" என்றான் இன்னொருவன்.

"மீசை வந்து..."

"ஒத்துக்கினாருடா!"

நெல்வாய்மேட்டில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. மேடையில் கட்டியிருந்த டியூப் லைட் ஒன்று அதிர்ந்து அணைந்தது. பரணிதரன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். துண்டில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஓட்டு எண்ணிக்கைக்கு அவர் போகவில்லை. கடை ஷட்டரை உள்ளேயிருந்து இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மதியத்துக்கு மேல் யாரோ ஷட்டரைத் தட்டினார்கள்.

"அண்ணாத்த, வெளிய வா! நீ ஜெயிச்சிட்ட!"

"போய்யா. என்னை வெச்சி இனிமே யாரும் சிரிக்கறதுக்கு இல்ல."

"மெய்யாலுமே ஜெயிச்சிட்ட அண்ணாத்த! வித்தியாசம் எக்கச்சக்கம்! போஸ்ட் மாஸ்டருக்கு அவுங்க தெருவுலயே ஓட்டு வுழல!"

ஷட்டர் ஏறியது. எதிரே தேவசகாயம் மாலையோடு நின்றார். பின்னால் பட்டாசு, மேளம், துர்காதேவி. பரணிதரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊர்வலம் தெருத் தெருவாக வந்தது. அருணகிரி வீட்டு வாசலில் அவரே இறங்கி வந்து கை கொடுத்து, "வாழ்த்துகள் தம்பி, அந்தக் கால்வாயை மட்டும் மறந்துடாதீங்க" என்றார். பரணிதரன் பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ரேஷன் கடை வாசலில் இன்னும் பிரிக்காமல் நின்ற மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். பரணிதரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தாய்மார்களே, பெரியோர்களே! இது என் நாவன்மைக்குக் கெடைச்ச வெற்றி! எத்தனையோ பேர் எத்தனையோ சொன்னாங்க. ஆனா மக்கள் யாரு பேச்சாளன், யாரு வெறும் வாசிப்பாளன்னு எடை போட்டுப் பாத்து, இந்தப் பரணிதரனோட நாக்குக்கு மரியாதை பண்ணிட்டாங்க! உண்டா, இல்லையா?"

முன்வரிசையில் காசியம்மாள் சுண்டல் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெல்லாம் இல்ல நைனா, போஸ்ட் மாஸ்டரைக் கொண்டுபோயி தலைவர் நாற்காலில குந்த வெச்சிட்டா, அப்பால அஞ்சு வருசத்துக்கு இந்த மேடையில ஏறி உன்னைத் திட்டறது யாரு?"