பழம் சொன்ன சாட்சி

எந்தப் பாவியால் புயல் வந்தது என்பதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் எலுமிச்சம்பழம் சொல்லப்போகிறது. இந்தச் செய்தியை மூன்று நாளாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். 'கரையோரம் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும்' என்று மூன்று வாரத்துக்கு முன்பு சொல்வதற்கு இதே ஆட்டோ கிடைக்கவில்லை. மைக் ரிப்பேர் என்றார்கள். பழத்துக்கு ஆட்டோவும் கிடைத்தது, மைக்கும் பேசியது.

மேட்டுச்சாவடிக் குப்பத்துச் சுனாமி குடியிருப்பில் அப்படி ஒரு கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. புதுப்பட்டினத்திலிருந்து நடந்தே வந்தார்கள். முட்டுக்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். கூரை பறந்துபோன வீட்டின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, அந்தக் கையோடு பழம் பார்க்க வந்தவர்களும் உண்டு. நடுத்தெருச் சிமென்ட் ரோட்டின் இரண்டு பக்கமும் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரும் அதே சிவப்பு நாற்காலிகள். ஊராட்சித் தலைவர் ஜெகதீசன் செலவில் மோர்ப் பந்தல். புயல் அன்று ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வராத ஊரில் அன்று மோர் ஆறாக ஓடியது.

பழத்தை உருட்டிக் குறி சொல்லும் பழச்சாமி சாதாரண ஆள் இல்லை. ஓரிடத்தில் காணாமல்போன வளையலைப் பழம் கண்டுபிடித்தது. மருமகள் வாசலில் போய் நின்றது. இன்னோரிடத்தில் கிணறு வற்றிய காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரு விதவையின் வாசலில் நின்றது. பழத்துக்குச் சின்ன வீட்டு வாசல்கள் நன்றாகத் தெரியும். மாடி வீட்டுப் படி ஏறும் அளவுக்கு அதற்கு இன்னும் சக்தி வரவில்லை.

கூட்டத்தின் கடைசியில், தன் வீட்டு வாசலில், பார்வதம் நின்றுகொண்டிருந்தாள்.

"யக்கா, முன்னாடி வந்து உக்காரு. சேர் காலியா கீது" என்று பெட்டிக்கடை பொன்னி கூப்பிட்டாள்.

"இங்கயே நிக்கிறேன்டி."

"நீ இன்னா வாட்ச்மேனா, நின்னுகினே கீறதுக்கு?"

பொன்னி விளையாட்டாகத்தான் சொன்னாள். பார்வதத்துக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. ஒருவகையில் அவள் வாட்ச்மேன்தான். ஊர் எல்லையில், மேட்டில், இரண்டு மாடிக்குக் கட்டிய புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி நான்கு வருடமாக அவள் இடுப்புக் கயிற்றில் இருந்தது. சம்பளம் கிடையாது. 'உன் வீடுதானே கிட்ட, வச்சுக்க' என்று கொடுத்தார்கள். ஊரே நம்பிக் கொடுத்த பொருள் என்று அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

புயல் அன்று விடியும் நேரம், முழங்கால் தண்ணீரில் அறுபது பேர் பின்னால் வர, அவள்தான் முன்னால் ஓடினாள். சாவியைப் பூட்டில் வைத்தாள். நுழையவில்லை. திருப்பிப் போட்டாள். நுழையவில்லை. அது வேறு பூட்டு, புதிது, பெரியது. கல்லால் அடித்தார்கள், மசியவில்லை. அறுபது பேரும் காற்றில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பியபோது, மையத்தின் படியிலேயே அவர்களில் ஒருத்தியான செல்லம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள்.

முந்தின நாளே போய் ஒரு தடவை பூட்டைத் திறந்து பார்த்திருந்தால்? இந்தக் கேள்வி மூன்று வாரமாகப் பார்வதத்தோடு எழுந்து, அவளோடு சாப்பிட்டு, அவளோடு படுத்தது. தப்பு வெளியே எங்கோ இருக்கிறது என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் நுழையாத சாவியைப் பிடித்திருந்தது அவளுடைய கை. பழம் தன்னைக் காட்டினால் அழக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள்.

புதுப்பட்டினத்தில் அவள் கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் லேத் பட்டறை முதலாளி நூர்முகமது சனிக்கிழமை சிரித்தார். "பழம் பேசுதாம்மா? அப்ப வெங்காயம் இன்னா சொல்லுது?"

"போங்க பாய். உங்களுக்கு எல்லாமே கிண்டல்."

"கிண்டல் இல்லம்மா. மேட்டுக் கட்டடம் ஏன் தொறக்கலன்னு வியாழக்கிழமை விசாரணைக்கு ஆபீசர் வராங்க. அதுக்குள்ள ஒரு ஆளு தேவைப்படுது. பழம் தேடிக் குடுக்கும், பாரு."

பத்தரைக்குச் சாமி வந்தார். காவி வேட்டி, கூலிங் கிளாஸ், கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. சீடன் ஒருவன் கூடை நிறையப் பழம் கொண்டுவந்தான். சாமி கூடையை விட்டுவிட்டு, மடியிலிருந்து ஒரு தனிப் பழத்தை எடுத்தார். காம்புப் பக்கம் சந்தனம் அப்பியிருந்தது. மணல்மேல் வைத்தால் பழம் தீட்டாகிவிடுமாம். சிமென்ட் ரோடுதான் சுத்தமாம். மணலில் பழம் உருளாது என்பதைச் சாமி எவ்வளவு பக்தியாகச் சொன்னார், பாருங்கள்.

"கடலம்மா, ஆளைக் காட்டு!"

பிரம்பைப் பழத்துக்கு நான்கு விரல் தள்ளி நீட்டினார். தொடவில்லை. பழம் ஆடியது. உருண்டது. "அய்யோ, போவுது பாரு!" என்று கூட்டம் கத்தியது. ஒரு பெண் சாமியாடத் தொடங்கினாள். இடம் இல்லாததால் நிறுத்திக்கொண்டாள். பிரம்பு முன்னால் போக, பழம் பின்னால் போனது. ஒவ்வொரு வாசலையும் தாண்டும்போது அந்த வீட்டுக்காரர்கள் மூச்சுவிட்டார்கள். தப்பித்தவர்களுக்கு உடனே பழத்தின்மேல் பக்தி கூடியது.

பழம் பார்வதத்தின் வாசலில் நின்றது.

எதிர்பார்த்ததுதான். தப்பித்த வாசல்களில் நின்றவர்கள் எல்லாரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். புயல் அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்களும் பார்த்தார்கள்.

"தீட்டோட சாவியைத் தொட்டுட்டா!" சாமியின் குரல் எழுந்தது. "அதான் கட்டடம் வாயை மூடிக்கிச்சு. கடலம்மா வாயைத் திறந்துட்டா!"

தலைவர் ஜெகதீசன் நாற்காலியிலிருந்து எழாமலே வருத்தப்பட்டார். "பார்வதம், உன்மேல எனக்குக் கோவம் இல்ல. தெய்வம் சொல்லிடுச்சு, நான் இன்னா பண்றது? இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்துப் போடு. நாப்பத்தெட்டு நாள் ஊருக்கு வெளியே இரு. பரிகாரத்தை நான் பாத்துக்கறேன்."

பேப்பர் அவள் கைக்கு வந்தது. எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பாதுகாப்பு மையத்தின் சாவி என் பொறுப்பில் இருந்தது. புயல் அன்று நான் திறக்கத் தவறிவிட்டேன். இப்படிக்கு, பார்வதம்.' பெயர் டைப் அடித்திருந்தது. தேதி, சனிக்கிழமை.

பழம் ஞாயிற்றுக்கிழமைதானே உருண்டது?

மூன்று வாரமாக அவளோடு படுத்து எழுந்த கேள்வி அந்த இடத்தில் சற்று நகர்ந்து உட்கார்ந்தது. அவள் குனிந்து பழத்தைப் பார்த்தாள். பழம் சும்மா நிற்கவில்லை. சாமி பேசும் வேகத்தில் பிரம்பு ஆட, பழமும் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரு துள்ளல். அந்தத் துள்ளல் அவளுக்குத் தெரியும். பட்டறையில் தினமும் சாயங்காலம், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் குச்சியில் கட்டித் தரையெல்லாம் இழுத்து அவள்தான் இரும்புத் துகள் பொறுக்குகிறாள். கீழே விழுந்த நட்டு இப்படித்தான் தயங்கும். இப்படித்தான் துள்ளும்.

"சாமி, எந்த மாசத் தீட்டு?" என்று கேட்டாள்.

"புயல் அன்னிக்கு நீ விலக்கு!"

"எனக்கு நின்னு ரெண்டு வருஷமாவுது சாமி."

பெண்கள் பக்கம் முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு சிரிப்பு. "கடலம்மாவுக்கு இதுகூடத் தெரியலையா?" என்றாள் பொன்னி, எல்லாருக்கும் கேட்கும்படி.

சாமி அசரவில்லை. "இது போன ஜென்மத் தீட்டு!"

"சரி சாமி. பொன்னி, அந்தக் கூடையிலேர்ந்து ஒரு பழம் எடு. சாமி, இத உருட்டுங்க."

"அதுக்கு மந்திரம் ஏத்தல."

"அப்ப உங்க பழமே இருக்கட்டும். பிரம்பக் கீழ வச்சிட்டு வெரலால கூப்புடுங்க."

"தெய்வத்தைச் சோதிக்கிறியாடி!"

சாமி பிரம்பை ஓங்கினார். பட்டறையில் இருபது கிலோ இரும்பு தூக்கும் கை அவளுடையது. பிரம்பின் நுனியை எட்டிப் பிடித்து இழுத்ததும் அது அவளிடம் வந்துவிட்டது. கூலிங் கிளாஸ் கீழே விழுந்தது. பார்வதம் பிரம்பைப் பழத்துக்கு நான்கு விரல் தள்ளி நீட்டினாள். பழம் தயங்கியது. துள்ளியது. அவள் நடந்தாள். பழம் பின்னாலேயே வந்தது.

கூட்டத்துக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? பிரம்பில் ஏதோ இருக்கிறது என்று. என்ன தோன்றியது? "அம்மா இவ மேல எறங்கிட்டா!" ஐந்து நிமிடத்துக்கு முன் பாவியாக இருந்தவளின் காலில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருத்தி அவசரமாகக் கற்பூரம் தேடினாள்.

பார்வதம் நிற்காமல் போனாள். பழம் ரோட்டின் முனைவரை உருண்டு, தலைவர் ஜெகதீசனின் செருப்பில் முட்டி நின்றது.

"தலைவரா!" என்று கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது.

ஜெகதீசன் துள்ளி எழுந்தார். "யோவ், பழம் எப்புடிய்யா சாட்சி சொல்லும்? அறிவு வேணாம் உங்களுக்கு? எலுமிச்சம்பழம்யா அது!"

மேட்டுச்சாவடிக் குப்பத்தில் முதன்முதலாகப் பகுத்தறிவு பேசியவர் தலைவர் ஜெகதீசன்தான். இதைச் சொல்லாமல் விட்டால் வரலாற்றுப் பிழை ஆகிவிடும்.

"பழம் பொய் சொல்லாது தலைவரே!" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவன் கையில் கல் இருந்தது.

அந்த நிமிடம் பார்வதத்துக்கு இனித்தது. பேசாமல் இருந்தால் போதும். சாவியைப் பிடித்த கையை இனி யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று வாரப் பாரத்தை ஒரு பழம் இறக்கி வைத்துவிடும். உண்மையும் அந்தப் பக்கம்தானே இருக்கிறது? பழம் சரியான ஆளிடம்தானே போய் நிற்கிறது?

ஆனால் அதைக் கொண்டுபோனது அவள் கை. நாளைக்குப் பிரம்பு இன்னொரு கைக்குப் போகும். அன்றைக்கு எந்த வாசலோ? பார்வதத்துக்கு இனிப்பு தொண்டையிலேயே கசந்தது.

"ஆமா தலைவரே. நீங்க சொல்றதுதான் சரி. பொய்தான்" என்றாள். "பொன்னி, அருவாமணையைக் கொண்டா."

சீடன் கூட்டத்தில் கரைந்துபோனான். சாமியும் கரையப் பார்த்தார். மோர்ப் பந்தல் கயிறு தடுக்கிவிட்டது. பார்வதம் பழத்தை இரண்டாக அறுக்கப் போனாள். பாதியில் எதிலோ இடித்து நின்றது. பிய்த்துப் பார்த்தாள். சாற்றோடு ஓர் இரும்புப் பேரிங் குண்டு விழுந்து, சிமென்டில் 'டங்' என்று துள்ளி, நேராக உருண்டுபோய், அவள் கீழே வைத்திருந்த பிரம்பின் வெள்ளிப் பூணில் ஒட்டிக்கொண்டது. கடலம்மாவின் திருவிளையாடல் அத்தோடு முடிந்தது.

"அப்ப புயல் யாரால வந்துது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் ஏமாற்றத்தோடு கேட்டது. ஆட்டோக் காசு கொடுத்து வந்தவர் போலிருக்கிறது.

"புயல் யாராலயும் வரல. கடல்லேர்ந்து வந்துது. நாலு நாளைக்கு முன்னாடியே டிவில சொன்னான். நாம ஏன் மேட்டுக் கட்டடத்துக்குள்ள போவ முடியல? அதக் கேளுங்க." அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள். "இது பழைய பூட்டோட சாவி. புதுப் பூட்டு யாருது? அதுக்குப் பழம் வேணாம், மந்திரம் வேணாம். நீங்க உக்காந்துகினு கீறீங்களே, அந்தச் சேருங்க காலைல எங்கேர்ந்து வந்துது?"

எங்கிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். காலையில் மேட்டுக் கட்டடத்திலிருந்து மினி லாரியில் ஏற்றி வந்ததை எல்லாரும்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அங்கிருந்துதான் வரும், அங்கேதான் திரும்பிப் போகும். வாடகைச் சாமான் திருட்டுப் போகக்கூடாது என்று மழைக்கு முன் புதுப் பூட்டுப் போட்டதைக்கூட நாலு பேர் பார்த்திருந்தார்கள். ஊர் முழுக்கச் சாட்சியின்மேல் உட்கார்ந்துகொண்டு, சாட்சி சொல்லப் பழத்தைக் கூப்பிட்டிருந்தது.

"நானும் பாத்தேன்" என்றாள் பார்வதம். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்தது. "சேரு போறதும் வர்றதும் தெனம் பாத்தேன். நம்ம சாவி இல்லாம எப்புடித் தொறக்குறாங்கன்னு ஒரு நாளும் கேக்கல. என் தப்பு அதான். அத எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

முதலில் எழுந்தது பொன்னி. தன் நாற்காலியைத் திருப்பினாள். முதுகில் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்தது: 'ஜெகதீசன் பந்தல் & சாமியானா.' பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். இருநூறு நாற்காலியும் திரும்பிய சத்தம் அலைச் சத்தத்துக்கு மேலே கேட்டது. தலைவர் நின்றுகொண்டேயிருந்தார், அவர் எழுந்த நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வந்த மினி லாரி காலியாகத் திரும்பியது. புயலன்று மையத்தின் வாசலில் நின்றவர்கள் இருநூறு நாற்காலியையும் பங்கிட்டு, சாட்சியாகத் தங்கள் வீடுகளுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி அம்மா மேட்டுக் கட்டடத்தின் முன்னால் காரை விட்டு இறங்கினார். பூட்டு இன்னும் தொங்கியது. ஊர் வரிசையாக நாற்காலி போட்டு வைத்திருந்தது. அவர் உட்காரப் போனார்.

"கொஞ்சம் இருங்க மேடம்" என்றாள் பொன்னி. "மொதல்ல முதுகுல இன்னா எழுதிகீதுன்னு படிங்க. அப்பால உக்காருங்க."

அவர் படித்தார். பூட்டைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். பார்வதம் தன் சாவியை அவர் கையில் கொடுத்து, "போட்டுப் பாருங்க மேடம்" என்றாள். அவர் போட்டுப் பார்த்தார். நுழையவில்லை. பார்வதம் மூன்று வாரத்தில் முதல் தடவையாகத் தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டாள்.

கயிறு தடுக்கிய சாமி எழுந்து ஓடியபோது விட்டுப்போன கூடை நிறையப் பழம் மிச்சம் இருந்தது. இரும்பு இல்லாத பழங்கள். பொன்னி அறுத்துப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு எல்லாருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழத்தால் ஆகிற காரியம் அவ்வளவுதான். மிச்சத்தைத் தலைதான் செய்ய வேண்டும். அது எல்லார் கழுத்துக்கு மேலேயும் பூட்டில்லாமல்தான் இருக்கிறது.