ஜுசாராவின் கல்யாணத்துக்கு வளர்த்த டீசல் குட்டிகள்

அன்பும் மரியாதையும் மிக்க கொம்பாத்ரே ஹெராக்லியோ அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, மகள் ஜுசாரா மூவரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் முட்டிவலி தேவலையா? யோவான் திருவிழா இரவில் கைகோத்து நெருப்பைச் சுற்றி, கொம்பாத்ரே என்று உறவானவர்கள் நாம். கூடப்பிறந்தவனிடம் கேட்கக் கூசுவதையும் உங்களிடம் கேட்கலாம்.

இந்த வருடமும் மழை இல்லை; தீவனத்துக்கு மக்காச்சோளத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. வரும் யோவான் திருவிழாவில் ஜுசாராவின் கல்யாணம். விருந்துக்கு ஏழு ஆட்டுக்குட்டிகள் தேற வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக் கால்நடை மருத்துவர்தான் வழி சொன்னார்: பருத்திக்கொட்டை எண்ணெயில் பயோடீசல் எடுக்கும் ஆலையில் மிஞ்சுகிற கிளிசரினைத் தவிட்டிலும் நறுக்கிய சப்பாத்திக்கள்ளியிலும் அளவோடு கலந்து வைக்கலாம். பாகு மாதிரி இனிக்கும். நான் அளவு மீறவில்லை. குட்டிகளும் மினுமினுவென்று கொழுத்தன. தப்பு அங்கே இல்லை. ஆயுள் பூராவும் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவனுக்கு வாய் சும்மா இருக்குமா? உள்ளூர் வானொலிக்குப் போய், டீசல் ஆலை மிச்சத்தில் கல்யாண ஆடு வளர்க்கிறேன் என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளே மாப்பிள்ளையின் தாயார் சுல்மீரா வாசலில் நின்றார்.

"ஏன் சம்பந்தி, எங்க ஆளுங்க சாப்பிட வர்றாங்களா, டேங்க் ரொப்பிக்க வர்றாங்களா?"

"டீசல் இல்லம்மா, அதுல மிஞ்சுற பாகு."

"பாகோ சாறோ, யோவான் திருவிழா அன்னிக்கு வாசலுக்கு வாசல் நெருப்பு எரியும். இதைத் தின்னுட்டு எங்க வீட்டுப் பெரியவர் அது பக்கத்துல ஏப்பம் விட்டா?"

அவர் வாயை அடைப்பதற்காக, அந்தோனியார் திருநாளுக்கு மூட்டிய நெருப்பில் ஒரு குட்டியை வாட்டி எல்லோரையும் அழைத்தேன். கொழுப்பு கங்கில் சொட்டினால் குப்பென்று தீப்பிடிக்கும். உங்கள் குட்டிக்கும் பிடிக்கும், பிஷப் வீட்டுக் குட்டிக்கும் பிடிக்கும். பிடித்தது. பங்குச் சாமியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், அக்கார்டியன்காரர் பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார், சுல்மீரா மட்டும் நின்ற இடத்திலேயே, "நான் சொல்லல?" என்றார். யாரும் ஒரு துண்டு தொடவில்லை. நான்தான் தின்றேன். அருமையான கறி. அழுதுகொண்டே தின்றேன்.

"கோழி போட்டுடலாமா?" என்று கேட்டேன். "இந்தத் திருவிழாக் கல்யாணத்துல கோழியா? எங்காளுங்க கை நனைக்காம எந்திரிச்சுப் போனா, பொண்ணு உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் சுல்மீரா. அன்றிலிருந்து ஜுசாரா என்னோடு பேசுவதில்லை. "உங்க வீட்டுக்காரரைச் சாப்பிட வரச் சொல்லுங்கம்மா" என்கிறாள். மீதி ஆறு குட்டிகளோ பாகு ஊற்றாத எதையும் மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஆலையின் பாகு ட்ரம் லாரி தெருவில் வந்தால் வேலியைப் பிய்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகின்றன.

"ஹெராக்லியோ வீட்டுக் குட்டின்னா கண்ணை மூடிட்டுத் தின்போம்" என்று சுல்மீரா ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். ஆகவே கொம்பாத்ரே, கள்ளியும் முள்ளும் மட்டும் தின்ற யோக்கியமான குட்டிகள் ஆறு அனுப்பி என் மகளின் கல்யாணத்தைக் காப்பாற்றுங்கள். இதைக் கொண்டுவருபவர் உங்கள் ஊர் வரை ட்ரம் ஏற்றிவரும் லாரி டிரைவர் நிவால்டோ.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் முட்டி மடங்கட்டும், அந்த நெருப்புக்குச் சாட்சியான யோவான் நம் இருவரையும் கைவிடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன
ஒட்டாசிலியோ

பி.கு.: குட்டிகள் அனுப்ப வேண்டாம். நிவால்டோ காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பின்கதவு திறந்திருந்த லாரியில் ஆறும் ஏறி ட்ரம்களுக்கு நடுவே படுத்துவிட்டன. "எறக்கு பெரியவரே, நேரமாச்சு!" என்று கத்துகிறான். கயிற்றை எடுத்தேன், பிறகு யோசித்துக் கீழே வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அவை உங்கள் வாசலில் வந்து இறங்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள், உங்கள் வீட்டுக் குட்டிகள் என்று சொல்லி அனுப்பிவையுங்கள். வானொலிப் பக்கம் நான் போகமாட்டேன். அவற்றின் வாயில் ஒட்டிய பாகை மட்டும் துடைத்து அனுப்புங்கள்.