எண்பத்தைந்து லிட்டர்

"நேத்து இருபத்தஞ்சுன்னீங்க சார். இன்னிக்கு நாப்பதுன்றீங்க. ஒரே ராத்திரில வண்டி வளந்துடுச்சா இன்னா?" என்று கேட்டார் செம்பியன்.

கே.கே. நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் செம்பியன், டேங்க் வேலைக்காக கணேசமூர்த்தியின் வீட்டுக்கே வந்திருந்தார். தகட்டில் கை வைப்பதற்கு முன் அதே அளவில் அட்டையில் ஒரு டேங்க் செய்து, அதை வண்டிக்குள் வைத்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார். இருபத்தைந்து லிட்டர் அட்டை டேங்க் வண்டியின் பின்பக்கம் அம்சமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் இப்போது எடுக்கச் சொல்கிறார் கணேசமூர்த்தி.

"காரணமாத்தான் சொல்றேன். நாப்பது" என்றார் கணேசமூர்த்தி.

காரணம் பக்கத்து வீட்டில் இருந்தது. அதன் பெயர் மெஹபூப் அலி.

கணேசமூர்த்திக்கு தி.நகரில் ஜவுளிக்கடை, மந்தைவெளியில் வீடு. ஒரு பழைய காரின் அடிச்சட்டத்தை வாங்கி வந்து, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதில் கொட்டி, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு போர்ட்டிகோவிலேயே கட்டிக்கொண்டிருந்தார். வருகிற பதினெட்டாம் தேதி அவருக்கும் ஜெயபாரதிக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள். அன்று காலையில் பாரதியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மகாபலிபுரம் போக வேண்டும். கால் நூற்றாண்டாகப் புடவைக்கடைக்காரர் பெண்டாட்டியாகவே இருந்துவிட்ட பாரதி, ஒரு நாளாவது ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் பெண்டாட்டியாகத் தெருவில் போக வேண்டும். அதை அலி பாய் பார்க்க வேண்டும். ஆசை இவ்வளவுதான்.

இடது பக்கத்து சீட்டுக்கு அவர் கடையிலிருந்தே அரக்குப் பட்டு கொண்டுவந்து, ஜரிகைக் கரை ஓரத்தில் வருகிற மாதிரி உறை தைத்திருந்தார். கார் சீட் தைப்பதில் மந்தைவெளியிலேயே பேர்போனவர் அலி பாய். சீட்டை அவரிடம் கொடுப்பதற்குப் பதிலாக நின்றுகொண்டே வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார் கணேசமூர்த்தி.

போன மாதம் பாரதியை ஏற்றிக்கொண்டு சாந்தோம் வரை ஒரு வெள்ளோட்டம் போனார். இரண்டு லிட்டர் கேனைக் காலடியில் வைத்து, குழாய் மாட்டி ஓட்டியதுதான். வழியில் பானெட் ஒரு தடவை திறந்துகொண்டது, அது பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பாரதி வாயே திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு ஷெட்டிலும் ராவுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அலி பாயும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிறாராம். அன்றிலிருந்து கணேசமூர்த்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சென்னையில் எத்தனையோ தெரு இருக்க, இந்தத் தெருவில்தானா இந்த மனுஷனுக்கு ஆசை வர வேண்டும்?

இன்று காலை இட்லி வைக்கும்போது பாரதிதான் சொன்னாள்.

"அலி பாய் வண்டிக்கு முப்பத்தஞ்சு லிட்டர் டேங்க்காம். ஜமீலா சொன்னாங்க."

ஜமீலா என்கிற ஜமீலுன்னிசா அலி பாயின் மனைவி. அவள் சொன்னால் அது நேராக ஷெட்டிலிருந்து வந்த செய்தி. நான்காவது இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்த கணேசமூர்த்தி, செம்பியனிடம் நாற்பது என்றார்.

மகாபலிபுரம் போய்த் திரும்ப பத்து லிட்டர் தாராளம் என்று செம்பியன் எடுத்துச் சொன்னார். கணேசமூர்த்தி கேட்கவில்லை. நாற்பதை வைத்ததும் ஸ்டெப்னி டயருக்கு இடம் இல்லாமல் போயிற்று. புது டயர் எதற்குப் பஞ்சராகப் போகிறது என்று ஸ்டெப்னியை மொட்டைமாடிக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் பாரதி வேறு செய்தியோடு வந்தாள். அலி பாய் இப்போது நாற்பத்தைந்துக்கு மாறிவிட்டாராம். தானாகக் கேட்கவில்லை, ஜமீலாவே சொன்னாள் என்று அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

கணேசமூர்த்தி ஐம்பது என்றார். டிக்கி போயிற்று. மாற்றுத்துணிப் பை எங்கே வைப்பது என்று செம்பியன் கேட்டதற்கு, போகிறது ஒரு நாள் பயணம், துணி மாற்ற அங்கே என்ன முகூர்த்தமா நடக்கிறது என்றார்.

அலி பாய் அறுபது ஆனார். கணேசமூர்த்தி அறுபத்தைந்து ஆனார். இப்போது டேங்க் ஓட்டுநர் சீட்டின் முதுகில் இடித்தது. சீட்டை முன்னால் தள்ளினார்கள். அவருடைய தொப்பை ஸ்டியரிங்கில் போய் முட்டியது. ஸ்டியரிங்கைச் சின்னதாக மாற்றினார்கள். அதன் பிறகு ஹாரனை யாரும் அழுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அவர் மூச்சு இழுத்தாலே அடித்தது.

இதற்கு நடுவே தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது அலி பாய் எதிரில் வருவார். வந்து, சிரித்துவிட்டு, ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இன்னா மூர்த்தி சார், டேங்க் எத்தினி லிட்டர் போட்டீங்க?"

அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கணேசமூர்த்திக்கு வயிறு எரியும். எல்லாம் தெரிந்துகொண்டு, சீண்டுவதற்கென்றே கேட்கிறான் மனுஷன்! சும்மா சின்னதுதான் பாய் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். உங்களுடையது எத்தனை என்று திருப்பிக் கேட்க நாக்கு நுனி வரை வரும். கேட்டால் பொறாமைப்படுகிறோம் என்று நினைத்துவிடுவாரே என்று அடக்கிக்கொள்வார்.

ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் மாடியிலிருந்து ஷெட்டை எட்டிப் பார்த்தார். அலி பாயின் கார் நீலத் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்தது. ஆனால் இருபத்தெட்டு வருடம் துணி அளந்த கண்ணுக்கு அது போதாதா? தார்ப்பாய் எத்தனை மீட்டர், பின்பக்கம் எவ்வளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று கணக்குப் போட்டார். அந்த மேட்டுக்குள் எப்படியும் எண்பது லிட்டர் இருக்கும் என்று வந்தது.

இறங்கி வந்து பாரதியிடம் சொன்னார். அவள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள்.

"ஆமாங்க, எண்பதுதான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானே தவிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

தன் கண்ணின் கணக்கு இவ்வளவு துல்லியமா என்று அவருக்கே பெருமையாக இருந்தது. அடுத்த கணமே அந்த எண்பதை எப்படித் தாண்டுவது என்ற கவலை வந்தது.

மறுநாள் செம்பியன் அட்டையைக் கீழே போட்டுவிட்டு வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார்.

"எண்பத்தஞ்சா? பின்னாடி எடம் இல்ல சார். முன்னாடி இஞ்சின் கீது. மேல வானம்தான் கீது. இனிமே வைக்கணும்னா ஒரே எடம்தான்."

அவர் கை காட்டிய இடத்தில் ஜரிகைக் கரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

கணேசமூர்த்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். யாருக்காக இந்தக் கார்? பாரதி இல்லாமல் இதை எடுத்துக்கொண்டு மகாபலிபுரத்தில் போய் யாருக்குக் காட்டுவது? விட்டுவிடலாம், அறுபத்தைந்தே போதும் என்று வாய் வரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஷெட்டில் அலி பாய் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. எண்பது லிட்டர்க்காரன் பாடுகிற பாட்டு. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

உள்ளே போய் பாரதியின் முன் தலைகுனிந்து நின்றார். விஷயத்தைச் சொன்னார். பாரதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து அவருக்கும் கண் கலங்கியது.

"என் சீட்டு போனா போகட்டுங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "அலி பாய் முன்னாடி நீங்க கொறஞ்சு நிக்கறத என்னால பாக்க முடியாது. நீங்க கார்ல முன்னாடி போங்க. நான் ஏசி பஸ்ல வந்துடறேன்."

இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்? அலி பாய்க்கு எண்பது லிட்டர் கிடைக்கலாம், பாரதி கிடைப்பாளா என்று அன்று முழுவதும் நினைத்து நினைத்து உருகினார். பட்டு சீட் ஹாலுக்கு வந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்து பாரதி நிம்மதியாக சீரியல் பார்க்க ஆரம்பித்தாள்.

பதினெட்டாம் தேதி காலை. எண்பத்தைந்து லிட்டரும் நிரப்பியாகிவிட்டது. பெட்ரோல் கனத்தில் கார் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. பெட்ரோல் பக்கத்தில் தயவுசெய்து சூடம் கொளுத்த வேண்டாம் என்று செம்பியன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால், பாரதி டேங்க்குக்குச் சந்தனம் குங்குமம் மட்டும் வைத்து, இரண்டு முழம் மல்லிகையையும் சுற்றினாள். அவளுடைய இடத்தில் அது மணப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. கணேசமூர்த்தி அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்தார்.

இனி அலி பாய் வெளியே வர வேண்டியதுதான் பாக்கி. அவர் முகம் சுருங்குவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் இத்தனை நாள் எரிந்த வயிறு குளிர்ந்துவிடும். அதற்குள் பெட்ரோல் வாடை அடிக்கிற மாதிரி இருக்கவே, எங்கேயாவது சொட்டுகிறதா பார்க்கலாம் என்று பழைய போர்வையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். சொட்டவில்லை. வெளியே வரலாம் என்று திரும்பியபோது, மெட்டி போட்ட பாரதியின் காலுக்கு எதிரே பச்சைச் செருப்பு போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. ஜமீலுன்னிசா.

அலி பாய் பின்னாலேயே வருவார் என்று கணேசமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். ஜமீலுன்னிசா குனிந்து, சீட் இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் பாரதி நானும் டெய்லி உங்க டேங்க்க ஏத்தி ஏத்திச் சொல்றேன், எங்க ஊட்டுக்காரரு இருபத்தெட்ட தாண்டவே மாட்டேன்றாரு, என் சீட்டு இன்னும் அப்படியே கீது, நீங்க எத்தினி லிட்டர்ல தப்பிச்சீங்க?"