கத்தலோனிய மாப்பிள்ளையை விசாரித்த விபரம்

மோர்னிங்சைட், ரொறன்ரோ
12 மாசி 1996

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய பெரியக்காவுக்கு,

ஆண்டவரின் தயவால் இங்கே எல்லோரும் சுகம், பனி வழித்த என் இடுப்பைத் தவிர. லண்டனில் நீங்களும் அத்தானும் நலமாயிருக்க மன்றாடுகிறோம்.

நிற்க, என் மகள் அன்ரனெற், கட்டினால் ஜோர்டியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறாள். பெடியன் ஸ்பெயினில் கத்தலோனியாக்காரன், பார்சலோனாப் பக்கம். இங்கே ஒரு பத்திரிகையில் நிருபர். அவனும் நம்மைப்போலக் கத்தோலிக்கன், வேதம் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லையே. மாப்பிள்ளையைப் பற்றிப் பக்கத்து ஊர்க்காரனிடம் கேட்டால்தான் ஒளிக்காமல் குறை சொல்லுவான். அந்த முறைப்படி, எங்கள் சந்தியில் கோப்பிக்கடை வைத்திருக்கும் மட்ரிட்காரனிடம் போனேன். கை இறுக்கமான சனமாம், தங்கள் பாஷைதான் பெரிது என்ற நினைப்பாம், எந்த நேரமும் "நாங்கள் வேறு ஆட்கள்" என்ற கதையாம். கொழும்பில் நம்மைப் பற்றிச் சொல்வதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று முழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு பெடியனையே கூப்பிட்டு இருத்தி, "தம்பி, உங்கட பக்கத்தில பேர் சொல்லக்கூடிய ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன். அன்ரனெற் மொழிபெயர்த்தாள். முதலில் டாலி என்ற ஓவியர், மீசையை மேலே முறுக்கி விட்டவராம். மீசையை நம்பிப் பெண் கொடுக்கலாமா? அடுத்தவர் கௌடி, கட்டடக் கலைஞர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கட்டிய கோயில் நூறு வருஷம் தாண்டியும் முடியவில்லையாம். இவர்களை நம்பி ஒரு பேஸ்மென்ற் கூடப் போட முடியாது, அக்கா. விளையாட்டில் குவார்டியோலா. "கோல் அடிக்கிறவரோ?" என்றேன். "இல்லை அப்பா, அடிக்கிற ஆக்களுக்குப் பந்தைக் குடுக்கிறவராம்." பொறுமை போய், "ஒரு டொக்டரும் இல்லையோ?" என்று கத்தினேன். இருக்கிறாராம், புஜோல் என்று. எனக்குப் பாதி மனம் இளகிவிட்டது. ஆனால் டொக்டருக்குப் படித்துவிட்டு அரசியலுக்குப் போய், இப்போது அவர்களுடைய மாகாணத்தை ஆள்கிறாராம். படித்த படிப்பு வீண்!

கடைசியாகச் செல்லோ வாசிக்கிற கசல்ஸ். சர்வாதிகாரி ஆளும்வரை ஊரில் போய் இருக்கமாட்டேன் என்று வெளிநாட்டிலேயே இருந்து செத்தாராம். அதைக் கேட்டதும் நம் ஊர் ஞாபகம் வந்து எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மனிசி, உங்கள் மச்சாள் பேர்ணடெற் கண்டுவிடுவாள் என்று, தேத்தண்ணி புரைக்கேறியதாக இருமிச் சமாளித்தேன்.

ஆகவே இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிவராது. நான் சொன்னால் அன்ரனெற் என்னோடு கதைக்கமாட்டாள். நீங்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். கூடாது என்று கடுமையாக ஒரு கடிதம் போடுங்கள். நான் உங்களை நன்றாக ஏசி, அவளைத் தேற்றிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், மருமக்களுக்கு மாதாவின் ஆசீர் கிடைக்கட்டும்.

உங்கள் சொல் தட்டாத தம்பி,
அருள்நாயகம்

பி.கு: அக்கா, அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இதை ஒட்டப் போகும்போது பெடியன் வந்தான். "அங்கிள், உங்கட ஊரில பெரிய ஆக்கள் ஆர்?" என்று தமிழிலேயே கேட்டான், அன்ரனெற் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என்னை ஒருவரும் இதைக் கேட்டதில்லை, என் பிள்ளைகள்கூட. கூத்து அண்ணாவியார், கரப்பந்துக் கப்டன், பள்ளிக்கூட அதிபர் என்று வாய் ஓயாமல் சொன்னேன், கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். ஆனியில் கலியாணம். கூறைச்சேலை நீங்கள்தான் எடுத்துவர வேண்டும். பெரிய ஆட்களில் உங்களையும் ஒருவராகச் சொல்லிவிட்டேன், வந்து என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.